மூன்று முறை பார்த்தேன், ட்யூப் போகவில்லை: பட்டாலியன் டாக்டருக்குக் கை எங்கே பழகும்?

#1 பனிமலை_ஆர்எம்ஓ

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசுக் கல்லூரியில் எம்பிபிஎஸ். சிஆர்ஆர்ஐ (கட்டாய உள்ளுறைப் பயிற்சி) முடித்த கையோடு ஷார்ட் சர்வீஸில் (குறுகிய காலப் பணி) ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தேன். லக்னோவில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் நேராக ஒரு பட்டாலியனுக்கு ஆர்எம்ஓ, அதாவது அதன் டாக்டர். இப்போது இருப்பது லடாக் பக்கம், 11,000 அடிக்கு மேலே.

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சிஆர்ஆர்ஐயில் அனஸ்தீசியா போஸ்டிங் இரண்டு வாரம். வாய்வழியாக மூச்சுக்குழாயில் போட்ட ட்யூப் ஒன்பது. அதில் நாலு முறை அசிஸ்டன்ட் சார் வெளியிலிருந்து குரல்வளையை அழுத்திக் கொடுத்ததால்தான் கார்ட்ஸ் (குரல்நாண்கள்) தெரிந்தது. கேஷுவால்டியில் மூன்று, மூன்றும் சிபிஆர் நடக்கும்போது. இங்கே வந்த 14 மாதத்தில் பூஜ்யம். காலையில் சிக் ரிப்போர்ட், அப்புறம் வருடாந்திர மெடிக்கல், சமையலறை சுகாதாரம், பனிக்கடி. வேலை இதுதான்.

போன மாதம் ஒரு காலை, ஆறே முக்கால் இருக்கும். அணையாத புகாரியில் (அறையைச் சூடாக்கும் அடுப்பு) ஒரு ஜவான் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறான். குப்பென்று பிடித்துவிட்டது. முகம், கழுத்து, இரண்டு கை. புருவம் பொசுங்கி, மூக்குத் துவாரத்தில் கரி. "டாக்டர் சாப்" என்று அவன் கூப்பிட்ட குரல் கீறல் விழுந்த தகரம் மாதிரி இருந்தது. படித்தது நினைவுக்கு வந்தது: மூச்சுப்பாதை வெந்திருந்தால் வீங்குவதற்கு முன் ட்யூப் போடு.

படுக்க வைத்து மிடாஸும் கெட்டமைனும் (மயக்க மருந்துகள்) கொடுத்தேன். மசில் ரிலாக்ஸன்ட் (தசைகளைத் தளர்த்தும் மருந்து) எங்களிடம் கிடையாது. முதல் முறை லாரிங்கோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) திறந்தால் பல்பு மஞ்சளாக எரிகிறது. குளிரில் செல் செத்திருந்தது. இரண்டாவது, புது செல் போட்டு. எங்கே பார்த்தாலும் இளஞ்சிவப்பாக ஊதிப்போன சதை, எபிகிளாட்டிஸ் (குரல்வளை மூடி) எது என்றே தெரியவில்லை. மூன்றாவது முறை ரத்தம். 93-இல் இருந்த ஆக்சிஜன் சாச்சுரேஷன் 64-க்கு வந்துவிட்டது. நாலாவதுக்குக் கையை நீட்டியபோது என் நர்சிங் அசிஸ்டன்ட் ஹவில்தார் என் மணிக்கட்டைப் பிடித்து, "சாப், போதும். பேக் பண்ணலாம்" என்றார். அவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, நான் ஆம்பு (காற்றை ஏற்றும் பை) அழுத்தினேன். 90-ஐத் தொட நாலு நிமிடம் ஆனது.

மருந்து இறங்கியதும் சுருட்டிய படுக்கைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார வைத்தேன். மூச்சில் சீழ்க்கைச் சத்தம். ஒன்பதரைக்கு மேகம் விலகி ஹெலிகாப்டர் வந்தது. கீழே ஆஸ்பத்திரியில் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஃபைபர்ஆப்டிக்கில் (வளையும் மெல்லிய ஸ்கோப்) 6.5 ட்யூப் போட்டார்களாம். ஆறாம் நாள் எடுத்துவிட்டார்கள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். நான்தான் இல்லை.

நான் செய்தது தப்பா? என்னைப் போன்றவர்கள் இந்தக் கையை எங்கே, எப்படிப் பழக்குவது?

#2 வாயுக்கலவை

22 வருடமாக மயக்கமருந்து வேலை, அதில் பாதிக்கு மேல் அரசு ஆஸ்பத்திரி. தம்பி, முதலில் அந்த ஹவில்தாருக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக்கொடு.

அவர் தடுத்த நாலாவது முயற்சிதான் ஆளைக் கொல்லும் முயற்சி. 2004-இல் மார்ட் என்பவர் 2,833 அவசர இன்டியூபேஷன்களை (ட்யூப் போடுதல்) அலசினார். இரண்டு முயற்சிக்குள் முடிந்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு ஆக்சிஜன் சரிந்தது. இரண்டைத் தாண்டியவர்களில் 70 சதவீதம். இதயம் நின்றுபோனது 0.7 சதவீதத்திலிருந்து 11-க்கு ஏறியது. ஒவ்வொரு முறை பிளேடு உள்ளே போகும்போதும் தொண்டை கொஞ்சம் வீங்குகிறது, கொஞ்சம் ரத்தம் கசிகிறது. அடுத்த முயற்சி முந்தையதைவிடக் கடினம். அதற்குள் மாஸ்க்கில் ஓட்டுவதும் கடினமாகிவிடும்.

கை பழகுவது பற்றி. 1998-இல் கொன்ராட் குழு முதல் வருட ரெசிடென்ட்களைப் பின்தொடர்ந்து எண்ணிப் பார்த்தது. 90 சதவீத வெற்றிக்கு வர சராசரியாக 57 முறை தேவைப்பட்டது. ஆபரேஷன் தியேட்டரில், வெறும் வயிற்றோடு வந்த, நல்ல கழுத்துள்ள நோயாளிகளில், பின்னால் ஒரு சீனியர் நிற்கும்போது. உன் கணக்கு 12. வெந்த தொண்டையில் அது போகவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, போயிருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் தப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். மருந்து கொடுப்பதற்கு முன் அவன் உட்கார்ந்து தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தானா? தட்டில் ஒரு ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி) இருந்ததா?

#3 பனிமலை_ஆர்எம்ஓ

உட்கார்ந்துதான் இருந்தான் சார். நான்தான் படுக்க வைத்தேன். ஸ்கால்பெல் அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது.

#4 வாயுக்கலவை

அவ்வளவுதான். உன் தப்பு அந்தப் பூட்டு. ட்யூப் அல்ல.

#5 கேஷுவால்டி_இரவு

எமர்ஜென்சி மெடிசின் பிஜி (மேற்படிப்பு), சென்னை. மேலே சொன்னதோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. குரல் மாறியிருக்கிறது, மூக்கில் கரி, ஹெலிகாப்டர் எப்போது வரும் என்று தெரியாது. இந்த நிலையில் ட்யூப் போட முடிவெடுத்தது சரியான முடிவுதான். போட்ட விதம்தான் கோளாறு. ரிலாக்ஸன்ட் இல்லாமல் கெட்டமைனை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தால் தாடை இறுக்கம், எச்சில், குமட்டல். கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் ரோகுரோனியம் என்ற ரிலாக்ஸன்ட் இருந்திருந்தால் முதல் முயற்சியிலேயே வேறு காட்சி. எம்ஐ ரூமுக்கு (பட்டாலியனின் மருத்துவ அறை) முதலில் அதைக் கொடுங்கள். காத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் மொத்தமாக அடைத்திருக்கும். அப்புறம் யார் பதில் சொல்வது?

#6 வாயுக்கலவை

தம்பி, உன் கேஷுவால்டியில் சுவரில் சக்ஷன், கையில் வீடியோ ஸ்கோப், பக்கத்தில் இன்னொரு பிஜி. மாடியில் இஎன்டி. ஒரு போன் அடித்தால் நானோ என்னைப் போல ஒருவரோ ஓடி வருவோம். அங்கே ரோகுரோனியம் மருந்து. அந்தக் கொட்டகையில் அது ஒருவழிப் பாதை. தானாக இழுத்துக்கொண்டிருந்த மூச்சையும் நிறுத்திவிட்டு, வீங்கின முகத்தில் மாஸ்க் பொருந்தாமல் போனால் என்ன செய்வாய்?

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். லே உயரத்தில், அதாவது 3,500 மீட்டரில், 490 சொச்சம். நுரையீரலில் சேமிப்பு இடம் அதே இரண்டரை லிட்டர்தான், ஆனால் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தாலும் அதில் அடைபடுவது மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. சென்னையில் திடகாத்திரமான ஆளுக்கு முழுசாக ஆக்சிஜன் ஏற்றிவிட்டு மூச்சை நிறுத்தினால் 90-க்கு இறங்க எட்டு நிமிடம் என்று பாடம். அங்கே அதே ஆளுக்கு ஐந்து. தீக்காயத்தோடு வலியில் துடிப்பவனுக்கு அதிலும் குறைவு. அப்புறம் அந்த ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது? நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டரா? அதை ஆம்புவில் மாட்டினால் பின்னால் தொங்கும் பை நிரம்பவே நிரம்பாது. பத்து முதல் பதினைந்து லிட்டர் வேண்டும், அதாவது சிலிண்டர்.

#7 கேஷுவால்டி_இரவு

சரி சார், உயரக் கணக்கு நான் யோசிக்காதது. ஆனால் "காத்திரு" என்பதும் ஒரு சூதாட்டம்தான் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள்.

#8 வாயுக்கலவை

ஒத்துக்கொள்கிறேன். இரண்டும் சூதாட்டம். உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுத்து, கழுத்தில் கிரைகோதைராய்டு சவ்வை (ஆடம்ஸ் ஆப்பிளுக்குக் கீழே உள்ள பள்ளம்) தொட்டு மார்க்கரால் கோடு போட்டு, ஸ்கால்பெல்லைப் பிரித்துக் கையருகே வைத்துவிட்டுக் காத்திருப்பது என் சூதாட்டம். அடைத்தால் வெட்டு. வீங்கிய கழுத்தில் கோடு போட முடியாது, அதனால் முதல் நிமிடத்திலேயே போடு.

#9 பழைய_மேஜர்

பத்து வருட ஷார்ட் சர்வீஸ் முடித்து இப்போது கோவையில் இருக்கிறேன். இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டீர்கள், ஆனால் பையன் கேட்டது வேறு. கையை எங்கே பழக்குவது என்று கேட்டான்.

பட்டாலியனில் பழகாது. பழகக் கூடாது என்றுதான் நாமும் வேண்டிக்கொள்கிறோம். அங்கே இருப்பவர்கள் எல்லாம் இருபது முப்பது வயது இளைஞர்கள், உடம்பு நன்றாக இருப்பவர்கள். கழுத்து, தாடை, பல் எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி. கடினம் என்பது வண்டி உருண்டதாலும், குண்டு பட்டதாலும், தீயாலும், தரையில் படுத்திருப்பதாலும் வருகிறது. தியேட்டரில் கற்கும் மல்லம்பட்டி எண் (வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, ட்யூப் போடுவது கடினமா என்று கணிப்பது) அங்கே உதவாது. வாயைத் திறக்கச் சொன்னால் ரத்தம்தான் வரும்.

எனக்கு யாரும் சொல்லித்தராமல் அடிபட்டுத் தெரிந்துகொண்டவை சில.

லாரிங்கோஸ்கோப் செல்லைக் கழற்றி உள்சட்டைப் பையில் வைத்துக்கொள். கைப்பிடியில் போட்டே வைத்திருந்தால் மைனஸ் இரவில் அது செல் அல்ல, கூழாங்கல். ட்யூபும் குளிரில் விறைத்துக் குச்சியாகிவிடும். ஒன்றை ஜாக்கெட்டுக்குள் சூடாக வைத்திரு.

பகல் வெயிலில், பனிக்கு நடுவே, வாய்க்குள் இருக்கும் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. கண்மணி சுருங்கிக் கிடக்கும். உன் தலையையும் அவன் தலையையும் சேர்த்து ஒரு கம்பளியால் மூடிக்கொள். பழைய ஸ்டூடியோ போட்டோக்காரர் மாதிரி இருக்கும், சிரிப்பவன் சிரிக்கட்டும்.

சீக்கிய வீரர்களின் தாடியில் மாஸ்க் ஒட்டாது, காற்று ஓரமாகப் போய்விடும். தாடி மேல் ஜெல்லியைத் தாராளமாகப் பூசு, அல்லது ஒட்டும் பிளாஸ்டிக் டிரெஸ்ஸிங்கில் வாய்க்கு மட்டும் ஓட்டை போட்டு ஒட்டு. அதுவும் சரிவராவிட்டால் தாமதிக்காமல் ஐ-ஜெல் (குரல்வளைக்கு மேலே உட்காரும் மூச்சுக் கருவி). ஐ-ஜெல்லுக்கு இன்னொரு நல்ல குணம், அதில் காற்று நிரப்பும் கஃப் (சின்ன பலூன்) கிடையாது. ஹெலிகாப்டர் மேலே ஏறும்போது ட்யூபின் கஃப் உப்பும், அதைப் பார்க்க வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒன்று, உன் கேஸில் ஐ-ஜெல் உதவாது. வீக்கம் குரல்வளையிலேயே இருந்தால் அதற்கு மேலே எதை வைத்தாலும் பயன் இல்லை.

பழகும் இடத்துக்கு வருகிறேன். கமாண்டிங் ஆபீசரிடம் போய் "டிரெயினிங் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காதே. "ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் தியேட்டருக்கு அனுப்புங்கள், உங்கள் பையன்களுக்காகக் கேட்கிறேன்" என்று கேள். அந்தப் புகாரிப் பையன் பெயரைச் சொல்லிக் கேள். மறுக்க மாட்டார்.

#10 நடத்துனர்

முதல் இடுகையில் இருந்த யூனிட் எண்ணும் இடப்பெயரும் நீக்கப்பட்டுள்ளன. எங்கே இருக்கிறோம், எத்தனை பேர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மருத்துவம் மட்டும் பேசுவோம்.

#11 புள்ளிவிவரத்_தாத்தா

சமூக மருத்துவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கல் எறிந்துவிட்டுப் போகிறேன். 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் காயம்பட்டு இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் இறப்புகளை ஈஸ்ட்ரிட்ஜ் குழு 2012-இல் அலசியது. ஆஸ்பத்திரி சேர்வதற்கு முன் இறந்தவர்களில் நாலில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. அவர்களில் 91 சதவீதம் பேர் இறந்தது ரத்தப்போக்கால். மூச்சுப்பாதை அடைப்பால் 8 சதவீதம். ஒரு இளம் டாக்டருக்கு இருக்கும் பத்து நாளில் எதைக் கற்றுக்கொடுப்பீர்கள்? நான் டூர்னிக்கேயைத்தான் (ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டும் பட்டை) சொல்வேன்.

#12 பழைய_மேஜர்

தாத்தா சொல்வது சண்டைக் கணக்கு, அதில் மறுப்பதற்கில்லை. ஆனால் டூர்னிக்கே கட்ட டாக்டர் எதற்கு? ஒவ்வொரு ஜவானுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், தெரியும். மிச்சம் இருக்கும் அந்த 8 சதவீதம்தான் டாக்டர் தேடப்படும் இடம். அப்புறம், எல்லையில் எல்லா நாளும் சண்டை இல்லை. புகாரி, மலைப்பாதையில் உருளும் வண்டி, மூளை வீக்கம் வந்து மயங்கிக் கிடப்பவன், இவர்கள்தான் வருகிறார்கள்.

#13 சிஆர்ஆர்ஐ_பாவம்

அண்ணா, நான் இப்போதுதான் சிஆர்ஆர்ஐ. நானும் ஷார்ட் சர்வீஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு சந்தேகம். எல்லா ஆர்எம்ஓவுக்கும் வீடியோ லாரிங்கோஸ்கோப் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? நம் ஊரிலேயே மலிவாகச் செய்கிறார்களே. இன்னொன்று, ஏஎஃப்எம்சியில் (புணே ராணுவ மருத்துவக் கல்லூரி) படித்தவர்களுக்கு இதெல்லாம் நன்றாக வருமாமே?

#14 பழைய_மேஜர்

இரண்டாவது கேள்விக்கு: பட்டாலியனில் 14 மாதம் ட்யூபே தொடாமல் இருந்தால் புணேயில் படித்த கையும் துருப்பிடிக்கும், மதுரையில் படித்த கையும் துருப்பிடிக்கும்.

#15 வாயுக்கலவை

முதல் கேள்விக்கு நான். கொடுக்கலாம், கொடுத்தால் சந்தோஷம். புதுக் கைக்கு அது நல்ல துணை, கார்ட்ஸ் பளிச்சென்று தெரியும். ஆனால் தெரிவது வேறு, ட்யூபை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. வளைந்த பிளேடில் திரையில் கார்ட்ஸைப் பார்த்துக்கொண்டே ட்யூபை முட்டி மோதிக்கொண்டிருக்கும் பிஜிக்களைத் தினமும் பார்க்கிறேன். லென்ஸில் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் அவ்வளவுதான். குளிரில் பனி மூடிக்கொள்ளும். மேஜர் சொன்ன வெயிலில் திரை கண்ணாடிதான், உன் முகம்தான் தெரியும். அதனால் அதோடு ஒரு பூஜியையும் (ட்யூபுக்கு வழிகாட்டும் வளையும் குச்சி) சேர்த்துக் கொடுக்க வேண்டும். விலை குறைவு, பேட்டரி இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

இன்னொன்று, வீடியோவை விட முதலில் வேண்டியது காப்னோகிராஃப் (வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைத் திரையில் காட்டும் கருவி). ட்யூப் மூச்சுக்குழாயில் போனதா உணவுக்குழாயில் போனதா என்று ஸ்டெத் வைத்துக் கேட்டுச் சொல்வேன் என்பவர்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து. திரையில் அலை வரவில்லை என்றால் ட்யூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்.

#16 தையல்_இல்லாத_கத்தி

இஎன்டி. கழுத்து என்றதும் கூப்பிட்டு அனுப்பினார்கள், வந்துவிட்டேன்.

மேலே "அடைத்தால் வெட்டு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஒரு வரியில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். இங்கிலாந்தில் 2005-இல் எலைன் பிராமிலி என்ற 37 வயதுப் பெண், சைனஸ் ஆபரேஷனுக்கு வந்தவர். மயக்கம் கொடுத்ததும் ட்யூபும் போகவில்லை, ஆக்சிஜனும் ஏறவில்லை. அறையில் மூன்று அனுபவசாலிகள். மூவரும் ட்யூபையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நர்ஸ் டிராக்கியாஸ்டமி (கழுத்தில் மூச்சுத் துளை இடுதல்) தட்டைக் கொண்டுவந்தே விட்டார், யாரும் அதைத் தொடவில்லை. 13 நாள் கழித்து அவர் இறந்தார். கணவர் விமானி. விமான விபத்தை ஆராய்வதைப் போல இதையும் ஆராயுங்கள் என்று அவர் கேட்டதால்தான் இன்று இந்தக் கதையை உலகம் பேசுகிறது. தம்பி, உன் ஹவில்தார் அந்த நர்ஸை விட ஒரு படி மேலே போய்க் கையைப் பிடித்தார்.

போர்க்களத்தில் கழுத்து வெட்டிய கதையும் பெருமைப்படும்படி இல்லை. ஈராக், ஆப்கானிஸ்தானில் செய்தவற்றை மேப்ரி தொகுத்தார். மெடிக்குகள் (டாக்டர் அல்லாத மருத்துவ வீரர்கள்) கையில் மூன்றில் ஒன்று தவறியது. டாக்டர்கள், அவர்களின் உதவியாளர்கள் கையில் 15 சதவீதம். ஊசி வழியும் தேவலை என்று நினைக்காதே. இங்கிலாந்தின் நாலாவது தேசிய ஆய்வில், 2011, அனஸ்தீசியாக்காரர்கள் ஊசியால் முயன்றதில் பத்துக்கு ஆறு தோற்றது. அதனால்தான் இப்போது கத்தி, பூஜி, ட்யூப். மூன்றே பொருள்.

எழுத்தில் சொல்கிறேன், கையால் செய்து பார். இடது கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் குரல்வளையை இரு பக்கமும் பிடித்து நிறுத்து, ஆள்காட்டி விரலால் ஆடம்ஸ் ஆப்பிளுக்குக் கீழே இறங்கு. ஒரு சின்னப் பள்ளம் வரும். பத்தாம் நம்பர் பிளேடால் குறுக்கே ஒரே குத்து, சவ்வு தாண்டும்வரை. பிளேடை வெளியே எடுக்காமல் வெட்டும் விளிம்பு நோயாளியின் கால் பக்கம் பார்க்கும்படி திருப்பு. உன் பக்கமாக லேசாக இழுத்துப் பிடி, ஓட்டை திறக்கும். பிளேடை ஒட்டியே பூஜியை உள்ளே விடு. அதன் மேல் 6 சைஸ் ட்யூப். கஃப் உள்ளே மறைந்ததும் நிறுத்து, இன்னும் தள்ளினால் வலது நுரையீரலுக்குப் போய்விடும். கழுத்து வீங்கிப் பள்ளமே தெரியவில்லை என்றால் நடுக்கோட்டில் நெடுக எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீறிவிட்டு, விரலை உள்ளே விட்டுத் தேடு. ரத்தம் வரும். வரட்டும். கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை இல்லை இது, விரலால் செய்வது.

பழக மனிதன் வேண்டாம். ஆடு போதும். உங்கள் லங்கருக்கு (படைச் சமையற்கூடம்) ஆடு வரும் அல்லவா? குரல்வளையோடு மூச்சுக்குழாயை எடுத்துத் தரச் சொல். ஒரு பலகையில் டேப் போட்டு ஒட்டி, மேலே க்ரேப் பேண்டேஜ் சுற்றித் தோலாக வைத்துக்கொள். 2003-இல் வாங் குழு பொம்மையில் பார்த்த கணக்கு: நாலைந்து முறை செய்ததும் நேரம் குறைவது நின்று நிலைக்கு வருகிறது, ஐந்தாவது முறையில் 96 சதவீதம் பேர் 40 விநாடிக்குள் முடித்தார்கள். 57 ட்யூபுக்கு நீ எங்கே போவாய்? ஐந்து ஆடு கிடைக்கும்.

#17 ஆம்புலன்ஸ்_இஎம்டி

நான் டாக்டர் இல்லை, 108-இல் ஓடுகிறேன், திருச்சி பக்கம். படித்துக்கொண்டே வந்தேன். ஒன்று மட்டும். ஒரு கையால் மாஸ்க் பிடித்து மறு கையால் அமுக்குவது படத்தில் நன்றாக இருக்கும். ஓடும் வண்டியில் அது நிற்காது. இரண்டு கை மாஸ்க்கில், அமுக்குவதற்கு வேறு ஆள். டாக்டர் வண்டியில் ஏறினாலும் நான் அவரை அமுக்கச் சொல்லிவிட்டு மாஸ்க்கை நான் வைத்துக்கொள்வேன். சிலருக்குக் கோபம் வரும்.

#18 வாயுக்கலவை

கோபம் வந்தால் வரட்டும் தம்பி, நீங்கள் செய்வது சரி.

#19 ஓய்வு_சிஸ்டர்_எம்என்எஸ்

ராணுவ நர்சிங்கில் 28 வருடம். இளம் மெடிக்கல் ஆபீசர்கள் தியேட்டருக்குப் பழக வருவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். வருவார்கள், ட்யூப் எத்தனை போட்டோம் என்று டைரியில் எண்ணுவார்கள். ஒன்பதரை மணி லிஸ்டில் ட்யூப் போடும் ஒரு நிமிடம் நிற்பார்கள், அப்புறம் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் எங்கள் டிராலியை யார் அடுக்குகிறார்கள், எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறார்கள் என்று பார்த்தவர் மிகக் குறைவு. மகனே, பத்து நாள் போனால் இரண்டு நாளாவது அந்த டிராலியை நீயே அடுக்கு.

இன்னொன்று. நீ மாற்றலாகிப் போவாய், உனக்குப் பின் வேறொரு புதுப் பையன் வருவான். உன் நர்சிங் அசிஸ்டன்ட் அங்கேயே இருக்கலாம். அவரையும் கூட அழைத்துப் போக முடியுமா என்று கேள். முடியாவிட்டால் நீ கற்றதை எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடு. "இரண்டு முறைக்கு மேல் போனால் என்னை நிறுத்துங்கள்" என்று எல்லோர் முன்னாலும் அவரிடம் சொல்லி வை. ஹவில்தார் ஒருவர் கேப்டன் கையைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. அடுத்த முறை இருப்பவருக்கு அந்தத் துணிச்சல் இருக்கும் என்று எதை வைத்து நம்புவாய்?

#20 கேஷுவால்டி_இரவு

அக்கா சொன்னதை எங்கள் ரெசஸ் அறையிலும் எழுதி ஒட்டப் போகிறேன். "இரண்டு முறை, அப்புறம் சத்தமாகச் சொல்." ரோகுரோனியம் பற்றி என் கருத்தை முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை, பாதி.

#21 பனிமலை_ஆர்எம்ஓ

ஏழு வாரம் கழித்து வருகிறேன். சிக்னல் கிடைக்கவில்லை, மன்னிக்கவும்.

மேஜர் சார் சொன்னபடியே கேட்டேன். சிஓ ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "பத்து நாள். பதினொன்றாம் நாள் இங்கே இருக்க வேண்டும்" என்றார். ஹவில்தாரை விடவில்லை.

போன இடத்தில் அனஸ்தீசியா மேடம் முதல் இரண்டு நாள் லாரிங்கோஸ்கோப்பைத் தொடவே விடவில்லை. ஒவ்வொரு கேஸுக்கும் ஐந்து நிமிடம் மாஸ்க் மட்டும். கட்டைவிரல் அடியில் தசை பிடித்துக்கொண்டு இரவில் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் புரிந்தது, நான் இத்தனை நாள் மாஸ்க்கை முகத்தின் மேல் அழுத்திக்கொண்டிருந்தேன். தாடையை மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். சின்ன வித்தியாசம், ஆனால் பை கையில் திடீரென்று லேசாகிவிட்டது. பத்து நாளில் ஐ-ஜெல் 21, ட்யூப் 17. இரண்டு முறை என்னால் முடியவில்லை, இரண்டாவது முயற்சி முடிந்ததும் நானே "இரண்டு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு விலகினேன். மேடம் ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டி ஸ்கோப்பை வாங்கிக்கொண்டார். டிராலியும் அடுக்கினேன் அக்கா, மூன்று நாள்.

ஆடு. லங்கர் சமையல்காரர் முதலில் நான் கறி கேட்கிறேன் என்று நினைத்து ஈரல் எடுத்து வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கழுத்தைக் கொடுத்தார். நானும் ஹவில்தாரும் மாறி மாறிச் செய்தோம். பூஜி இல்லாததால் வெளியுறை எடுத்த ஸ்டைலெட் (ட்யூபுக்குள் போகும் கம்பி). எனக்கு முதல் முறை ஒரு நிமிடம் 50 விநாடி, பிளேடைத் திருப்ப மறந்து பின்சுவரைக் கிழித்துவிட்டேன். ஐந்தாவதில் 44. ஹவில்தாருக்கு ஐந்தாவதில் 38. இதை அவர் பட்டாலியன் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அலமாரிப் பூட்டு போய்விட்டது. ஸ்கால்பெல், 6 சைஸ் ட்யூப், மார்க்கர் பேனா மூன்றும் ஒரு துணிப்பையில், ஆக்சிஜன் சிலிண்டரின் கழுத்தில் தொங்குகிறது. செல் என் உள்சட்டைப் பையில்.

பூஜிக்கு இன்டென்ட் (பொருள் கேட்கும் விண்ணப்பம்) போட்டிருந்தேன். நேற்று வந்துவிட்டது. ஐந்து. பிரித்துப் பார்த்தால் ஐந்தும் 10 ஃப்ரெஞ்ச் (தடிமன் அளவு), குழந்தைகளுக்கானது.

#22 வாயுக்கலவை

சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். தூக்கிப் போடாதே. அதன் மேல் 5 சைஸ் ட்யூப் போகும், கழுத்து வழிக்கு அவசரத்துக்கு அது போதும். கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், ஆட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிடு. பையில் 5 சைஸ் ஒன்றையும் சேர்த்து வை.

#23 பழைய_மேஜர்

திருப்பி மட்டும் அனுப்பாதே. அந்த வவுச்சர் சுற்றி முடிவதற்குள் நீ போஸ்டிங் மாறிவிடுவாய். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, புது இன்டென்டில் 15 ஃப்ரெஞ்ச் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுது. அதுவரைக்கு இங்கிருந்து நாலு வாங்கி அனுப்புகிறேன், முகவரியைத் தனிமடலில் போடு. ஒன்று ஹவில்தாருக்கு, அவருடைய ஆட்டுக்கு.